கம்பளை முன்னால் நின்ற தாள்

ராஜலிங்கம் படியேறி வந்த விதத்திலேயே கெட்ட சேதி என்று தெரிந்துவிட்டது. நகரசபையில் கிளார்க் வேலை பார்க்கிற மனுசன். டை கட்டாமல் வெளியே இறங்காதவர். அன்றைக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, இரைக்க இரைக்க வந்து ஆய்வு நிலையத்துக் கணினி அறை வாசலில் நின்றார். உள்ளே சிவமணி மட்டும் இருந்தாள்.

“தங்கச்சி, கதவ சாத்துங்க.”

“என்னாங்கண்ணே?”

“சாத்துங்கன்னு சொல்றேன்ல.”

சாத்தினாள்.

“விவேகானந்தன் தம்பிய கொண்டு போயிட்டாங்க. விடியக்காலம் அம்பிட்டியில ரவுண்டப், ஊரையே சுத்தி வளைச்சிட்டான். எங்க போடிங்ல வாடகைக்கு இருந்த அத்தன பேரையும் முத்தத்துல முட்டி போட வச்சிட்டான். நான் நகரசபைன்னு சொன்னேன், வுட்டுட்டான். அந்தத் தம்பி யாழ்ப்பாணம். அதுகூட பரவாயில்ல, பொலிஸ்ல பதிஞ்சிருக்கு, இங்க வேல செய்யிற கடிதம் இருக்கு. கெடுத்தது சட்டப் பையில இருந்த தாளு.”

“என்னா தாளு?”

“வட்டம் வட்டமா, கலர் கலரா. நடுவுல கோடு. கோட்டுக்கு மேல நம்பரு. வட்டத்துக்குப் பக்கத்துல பேனையால ஊரு பேரு எழுதியிருக்கு. கண்டி, கம்பள, தெல்தோட்ட, அம்பிட்டிய. அதப் பாத்துட்டு எந்தப் பொலிஸ்காரன் சும்மா வுடுவான்? மூணு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன், நானே ஒரு நிமிசம் சந்தேகப்பட்டுட்டேன்னா பாருங்களேன்.”

சிவமணி தன் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தாள். அந்த எழுத்து அவளுடையது.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம் அது. வடக்கே வன்னியில் சண்டை. இங்கே பஸ்ஸில் கேட்பாரற்று ஒரு பை கிடந்தால் மொத்தச் சனமும் இறங்கி ஓடும் காலம். அந்தக் காலத்தில் ஒரு தாளில் ஊர்ப்பெயர் எழுதி வட்டம் போடுவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது அந்த நிமிசம்தான் அவளுக்கு உறைத்தது. எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினாள்.

தாளில் இருந்தது மருந்து. மணல் ஈ கடித்து ஆறாத புண்ணாகிப் போகிற ஒரு நோய் இருக்கிறது. அந்தக் கிருமியின் புரதம் ஒன்றைப் பிடித்து முடக்குகிற மூலக்கூறைக் கணினியில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலக்கூறின் உடம்பு முழுவதும் கிருமியைப் பிடிப்பதில்லை. நாலு இடம்தான் பிடிக்கும். மீதி சும்மா தொங்கும். ஏற்கெனவே வேலை செய்த சில மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, திருப்பித் திருப்பிப் பொருத்தி, எந்த நாலு இடம் எல்லாவற்றிலும் ஒரே புள்ளியில் வந்து விழுகிறது என்று பார்ப்பது சிவமணியின் வேலை. விழுகிற இடத்தில் மென்பொருள் ஒரு உருண்டையை வைக்கும். ஹைட்ரஜனை வாங்குகிற இடத்துக்குச் சிவப்பு, கொடுக்கிற இடத்துக்குப் பச்சை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற கொழுப்பு இடத்துக்கு மஞ்சள். அந்த நாலு உருண்டையும் அவற்றுக்கு நடுவே உள்ள தூரமும் சேர்ந்ததுதான் மாதிரி. ஃபார்மகோஃபோர் என்பார்கள்.

உருண்டைகளில் சிவப்பு இரண்டு இருந்தது. “முதல் சிவப்பு”, “ரெண்டாம் சிவப்பு” என்று பேசிப் பேசி அவளும் அவளோடு வேலை செய்கிற விவேகானந்தனும் குழம்பினார்கள். ஒரு நாள் சிவமணிதான் ஒரு சிவப்புக்குக் கண்டி என்றும் மற்றதற்குக் கம்பளை என்றும் பெயர் வைத்தாள். பச்சைக்குத் தன் ஊரான தெல்தோட்டை. மஞ்சள் மிச்சம் இருந்தது. தண்ணீரை ஒதுக்குகிற உருண்டை.

“உதுக்கு அம்பிட்டிய எண்டு வையும்,” என்றான் விவேகானந்தன். “என்ர போடிங்கில பைப்பைத் திறந்தா காத்துத்தான் வரும்.”

சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

தாள் அவன் சட்டைப் பைக்குப் போனதும் அவளால்தான். முந்தின நாள் மத்தியானம் அவளுடைய மாதிரியைத் திரையில் பார்த்துவிட்டு அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சிவமணி, இந்தக் கடைசி மூலக்கூறைப் பாரும். இருக்கிறதுக்குள்ள திறமான மருந்து இதுதான். உம்மட மாதிரியில இது மட்டும் ஒரு காலை வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது. பிழை அதில இல்லை. நீர் அடிப்படை மூலக்கூறைக் கைமாத்திக் கீறியிருக்கிறீர். உது கண்ணாடிக்குள்ள நிக்கிற ஆள்.”

உண்மைதான். இடது கைக்கும் வலது கைக்கும் விரல் நீளம் ஒன்றுதான், விரலுக்கு விரல் தூரமும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் உறை மற்றதில் ஏறாது. தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவில்லை. உடனே அடிப்படை மூலக்கூறைத் திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி, பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டாள். முன்னமே அச்செடுத்து ஊர்ப்பெயர் எழுதியிருந்த பிழையான தாளை அவன் மடித்துப் பையில் வைத்தான். பழைய கட்டுரைப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றான்.

“அண்ணே,” என்றாள் ராஜலிங்கத்திடம். “அவரு என்னா சொன்னாராம்?”

“தாளு என்னோடதுன்னு சொல்லிட்டாரு. மருந்துக் கணக்காம். எவன் நம்புவான்? இங்க பாருங்க தங்கச்சி, ஒங்க பேர எங்கயும் சொல்லல. நீங்களும் வாயத் தெறக்காதீங்க. பொம்பளப் புள்ள. தோட்டத்துல அம்மா அப்பா இருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு ஒரே பேச்சு.”

கீழே முற்றத்தில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. ராஜலிங்கம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பின்படிக்கட்டால் இறங்கிவிட்டார். அந்த வயதில் அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு மனுசன் இறங்க முடியும் என்று சிவமணி நினைத்ததில்லை.

ஆய்வை நடத்துகிற பேராசிரியை மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். மாடியில் வேறு ஆள் இல்லை. ஏறி வருகிற சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேயிலைத் தோட்டத்துக்குப் பொலிஸ் வந்தால் லயத்து வரிசை வீட்டுச் சனம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுவிடாமல் உட்காரும். அவளுக்குப் பழக்கம் அதுதான். இங்கே சாத்துவதற்கு இருந்த கதவை அவர்கள் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் இன்ஸ்பெக்டர். மெலிந்த ஆள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. பின்னால் ஒரு கான்ஸ்டபிள், தமிழ் வாசிப்பதற்காகக் கூட்டி வந்த ஆள். தாஸிம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்தான் பேசினார். தெல்தோட்டைக் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் நன்றாகவே வரும்.

அவர் தாளை மேசையில் விரித்தார். மடிப்பில் ஈரம் பட்டு மை கசிந்திருந்தது. வியர்வையா, வேறா என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

“இது என்ன?”

“மருந்து மாதிரி, சேர்.”

“அவனும் அதைத்தான் சொல்கிறான். இந்தக் கணினியில் செய்ததாம்.”

“ஆமாம் சேர். புண்ணுக்கு மருந்து. மணல் ஈ கடிச்சு வர்றது. வன்னியில சண்டைக்குப் போற ஆமிக்காரங்களுக்கு நெறைய வருது சேர். அவங்களுக்குத்தான்...”

ஆமிக்காரர் என்றால் மனம் இளகும் என்று நினைத்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார்.

“வன்னியில் ஆமிக்காரருக்கு என்ன வருத்தம் என்று உனக்கு யார் சொன்னது?”

“மருத்துவக் கட்டுரையில...” என்று தொடங்கினாள். அவர் கேட்கக் காத்திருக்கவில்லை.

“யாழ்ப்பாணத்தான்,” என்றார் அவர், விரலை மடக்கி. “தனி ஆள். அறை எடுத்து இருக்கிறான். பையில் ஊர்ப்பெயர் போட்ட தாள். எனக்கு வேறென்ன வேண்டும்?”

நாலு. மென்பொருளும் இவ்வளவுதான் கேட்கிறது. நாலு இடம் ஒத்து விழுந்தால் போதும், ஆள் பிடிபடுவான். மீதி உடம்பை அது பார்ப்பதில்லை.

“காட்டு,” என்றார். “இந்தப் படத்தை இந்தக் கணினியில் காட்டு.”

உட்கார்ந்தாள். மாதிரியைத் திறந்தாள். கறுப்புத் திரையில் நாலு உருண்டையும் மிதந்து வந்தன. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பினாள். கண்டி மேலே, அம்பிட்டிய வலது பக்கம், கம்பளையும் தெல்தோட்டையும் கீழே ஒட்டினாற்போல. வந்துவிட்டது. கோட்டின் மேல் எண்களும் அதே எண்கள். அச்செடுத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெளிச்சத்தில் வட்டத்தின் மேல் வட்டம் விழுந்தது. சிவமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் தாளை எடுக்கவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

“இங்கே வா.”

போனாள்.

“அவன் தாளில் இந்தச் சிவப்பு முன்னால் நிற்கிறது. பச்சையின் ஓரத்தை மறைக்கிறது. உன் தாளில் பச்சை முன்னால் நிற்கிறது. சிவப்பு பின்னால் போயிருக்கிறது.” குரல் உயரவேயில்லை. “இது அது இல்லை.”

அவள் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அவன் தாளில் கம்பளை முன்னால். அவள் தாளில் தெல்தோட்டை முன்னால்.

“திருப்பிப் பார்க்கிறேன் சேர்.”

ஓடிப்போய்த் திருப்பினாள். மேலே, கீழே, தலைகீழாக. கம்பளையை முன்னால் கொண்டு வந்தால் கண்டி இடம் மாறியது. கண்டியைப் பிடித்து வைத்தால் அம்பிட்டிய இடது பக்கம் போனது. எல்லாவற்றையும் தாளில் உள்ளபடி நிறுத்தினால் கம்பளை பின்னால் போய் ஒளிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை திருப்பிக்கொண்டே இருந்தது. தாளில் இருப்பது கண்ணாடிக்குள் நின்ற மாதிரி. அதை அவளே நேற்று அழித்துவிட்டாள்.

“அவனும் பொய் சொல்கிறான், நீயும் பொய் சொல்கிறாய்,” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். “இங்கே ஒரு பெண்ணும் இருக்கிறாள்” என்று அவர் சொல்வது காதில் விழுந்தது.

தாஸிம் கதவைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினான்.

“தங்கச்சி, பயத்துல எனத்தயாவது ஒளிக்காதீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சத செல்லிடுங்க. இன்னைக்கு அந்தியில கொழும்புக்கு ஏத்துறாங்க அந்தப் பொடியன. அங்க போனா எங்கட கையில ஒண்டும் இல்ல.”

“அது என் எழுத்துங்க,” என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

தாஸிம் அவளைத் திரும்பிப் பார்த்தான். “அல்லாவே. அத எனக்குச் செல்லி எனத்துக்கு? அவருக்கிட்டச் செல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். சிவமணி எழுந்து நின்றாள்.

“சேர், தாள் என்னோடது. அவரோடது இல்ல. ஊர்ப்பேரும் நான்தான் எழுதுனேன். நான் பிழையா செஞ்சுட்டேன். அவர் அதக் கண்டுபிடிச்சாரு, நான் திருத்திட்டேன், பழசு அழிஞ்சு போச்சு. அந்தப் பிழைய மறுபடி செஞ்சு காட்டுறேன். செஞ்சா சிவப்பு முன்னால வரும்.”

“பிழையை மறுபடி செய்யப் போகிறாய்.”

“ஆமாம் சேர்.”

அவர் கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அவர் மூச்சு கழுத்தில் பட்டது. “செய்.”

சரியாகச் செய்வதை மனப்பாடமாகச் செய்யலாம். பிழையாக ஒரு தரம் செய்ததை அதே மாதிரி மறுபடி செய்வதற்கு எங்கே இடறினோம் என்று தெரிய வேண்டும். அடிப்படை மூலக்கூறைத் திறந்தாள். இடறின அணு எது என்று கண்டுபிடித்து, அதைக் கைமாற்றிப் புரட்டினாள். மற்ற மூலக்கூறுகளைக் கொண்டு வந்து அதன்மேல் அடுக்கினாள். எந்த வரிசையில் அடுக்கினோம்? தெரியவில்லை. வரிசை மாறினால் எண் மாறும், எண் மாறினால் அதுவும் பொய்யாகிப் போகும். கண்ணை மூடி, அன்றைக்குப் பேசிச் சிரித்தபடி எதை முதலில் எடுத்தோம் என்று யோசித்தாள். சிரிப்பு ஞாபகம் வந்தது, வரிசை வரவில்லை. பெயரின் அகரவரிசையிலேயே எடுத்திருப்போம் என்று துணிந்து பொத்தானை அழுத்தினாள்.

மென்பொருள் பொருத்தத் தொடங்கியது. திரையின் அடியில் நீலக் கோடு ஊர்ந்தது. மழை இருட்டு கட்டி, மின்விளக்கு ஒரு தரம் மினுங்கியது. கரண்டு போனால் என்ன ஆகும் என்று நினைத்தாள். தெல்தோட்டையில் அம்மா இந்நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். மகள் கண்டியில் ஃபேன் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

கோடு முடிந்தது. நாலு உருண்டை வந்தன. திருப்பினாள். கண்டி மேலே. அம்பிட்டிய வலது பக்கம். கீழே இரண்டும் ஒட்டி வந்தன. கம்பளை முன்னால் நின்று தெல்தோட்டையின் ஓரத்தை மறைத்தது.

அச்செடுத்ததை இன்ஸ்பெக்டர் ஜன்னலில் பிடித்தார். இந்தத் தடவையும் நெடுநேரம் பார்த்தார். எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். பிறகு புதுத் தாளை மேசையில் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார்.

“பெயர்களை எழுது.”

எழுத்தைக் கோணலாக எழுதலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னது சொன்னதுதான், ஆனால் எழுத்து பொருந்தவில்லை என்றால் இந்தப் பெண் யாரையோ காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். அவள் வீட்டுக்குப் போகலாம். அவன் கொழும்புக்குப் போவான். பேனையை இறுக்கிப் பிடித்து, தன் எழுத்தில், தன் சுழியில், நாலு ஊரையும் எழுதினாள். தாஸிம் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, “ஒரே கைதான் சேர்” என்றான்.

“ஜீப்பில் ஏறு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷனில் அவளை ஒரு நீள மர வாங்கில் உட்கார வைத்தார்கள். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், சொந்த விலாசம் எல்லாம் கேட்டு எழுதினார்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம் என்று அவள் ஒன்றொன்றாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் உள்ளறைக்குப் போனார். பலகைச் சுவர். பேசுவது எல்லாம் கேட்டது.

“தாள் யாருடையது?”

“என்ர... மகே, சேர்.” விவேகானந்தனின் குரல்தான், தன்னுடையது என்பதைச் சிங்களத்தில் சொன்னது. மூக்கால் வந்தது.

அறை விழுந்த சத்தம்.

“யாருடையது?”

“மகே சேர்.”

மறுபடியும் விழுந்தது. சிவமணி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகப் பொய் சொல்கிறான். அவள் உண்மையைச் சொல்லிவிட்டது அவனுக்குத் தெரியாது. இனி அவன் தன்னுடையது என்று சொல்லச் சொல்ல, தாள் மருந்துத் தாள்தான் என்று தெரிந்தாலும், அவன்தான் பொய்க்காரன் ஆவான். பொய்க்காரனைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். வாசலில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பொலிஸ்காரன் ஒருவன் நின்றான். அவள் எழுந்தாள். அந்த இடத்தில் தமிழில் சத்தம் போடுவது என்பது அவள் கனவிலும் நினைக்காத காரியம்.

“அண்ணா! நான் சொல்லிட்டேன்! தாளு என்னுதுன்னு சொல்லிட்டேன்! உள்ளதச் சொல்லுங்க அண்ணா!”

துவக்குக்காரன் ஓடி வந்து தோளைப் பிடித்து அவளை வாங்கில் அமுக்கினான். பலகைச் சுவருக்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி விவேகானந்தனின் குரல்.

“ஓம்... அவவின்ர.” அதையே சிங்களத்திலும் சொன்னான்.

இருவர் சொன்னதும் பொருந்தியதால், மழை விட்ட பிறகு இரண்டு பேரையும் வெளியே விட்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி, அவனிடமும் அவளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தாள்கள் எல்லாம் அங்கேயே இருந்துவிட்டன. விவேகானந்தனின் இடது கன்னம் ஊதி, கண் பாதி மூடியிருந்தது. ஸ்டேஷன் மறைகிற வரை இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் மாதிரி, முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் அவன் நின்றான்.

“ஏன் சொன்னனீர்?”

“பின்ன என்ன செய்யிறது?”

“நான் ஒருத்தன். அடிச்சா அடிக்கட்டும். இப்ப ரெண்டு பேரையும் தெரிஞ்சு வச்சிருக்கிறாங்கள்.” வலது காதை அவள் பக்கம் திருப்பினான். “மற்றக் காது கேக்குதில்லை. என்ன விலாசம் குடுத்தனீர்?”

“வீட்டு விலாசந்தான். லயத்தச் சொன்னேன்.”

அவன் முகம் மாறியது. அடி வாங்கிய முகத்தில்கூட அது தெரிந்தது.

“அப்ப போம். இப்பவே போம். விசாரிக்கிறதுக்குத் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவாங்கள். அவங்கள் போக முந்தி நீர் போய்ச் சேர வேணும். ஒண்டும் தெரியாத சனம், பயத்தில தலைகால் தெரியாமல் எதையாவது சொல்லிப்போடும்.”

“நீங்க?”

“நான் போய்க் காதைக் காட்டுறன். போம் எண்டு சொல்லுறன்.”

தெல்தோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சிவமணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். பொலிஸ் வரும், பயப்படாதே என்று சொன்னால், அதற்கு மேல் எதுவும் அம்மா காதில் ஏறாது. மருந்து என்று சொல்லலாம். உருண்டை என்று சொல்லலாம். தெல்தோட்டை என்று ஏன் எழுதினாய் என்று அம்மா கேட்டால்?

நகரம் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பஸ் நின்றது. மணல் மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி. கொண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டான்.

“எல்லாரும் எறங்குங்க. ஐசிய கையில வச்சுக்கங்க.”

சனம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. ஐசியைப் பார்த்த சிப்பாய், சிங்களப் பெயர்களைப் பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பினான். மற்றவர்களை ரோட்டோரமாக ஒதுங்கி நிற்கச் சொன்னான். சிவமணியின் ஐசியைத் திருப்பிப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். ஒதுங்கி நிற்கச் சொன்னான்.

அவள் போய் நின்றாள். மேலே, அடுத்த வளைவில், ஜீப் ஒன்று அவர்களைத் தாண்டித் தெல்தோட்டைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அது வேறு ஜீப்பாகவும் இருக்கலாம்.